இதயம் உண்ணும் நேரம்

(காத்திவாக்கத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இதயத்தின் அமைப்பைப் பற்றியும் அதன் நலத்தைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இவை இரண்டு தலைப்புகள் அல்ல. எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ அந்தக் கட்டுமானத்தின் வழியாகத்தான் இதயத்துக்கு நோய் வருகிறது. உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் அந்தத் தசை, தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் தான் ஓய்ந்திருக்கும் கணத்தில்தான் பெற்றுக்கொள்கிறது. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால், காத்திவாக்கத்தில் வாழ்கிற ஒருவருடைய நெஞ்சுக்கு எங்கிருந்தெல்லாம் ஆபத்து வருகிறது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் கட்டுமானம். அவரவர் கைமுஷ்டி அளவுதான் அவரவர் இதயம். எடை சுமார் 300 கிராம். மார்பெலும்புக்குப் பின்னால், இரு நுரையீரல்களுக்கு நடுவில், உதரவிதானத்தின் மேல் சற்றே இடப்பக்கம் சாய்ந்து அமர்ந்திருக்கிறது. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வரும் இரத்தத்தை வலப்பக்க அறைகள் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகின்றன. அங்கே பிராணவாயு ஏற்றிக்கொண்டு திரும்பும் இரத்தத்தை இடப்பக்க அறைகள் வாங்கிப் பெருந்தமனி வழியாக உடம்புக்கு அனுப்புகின்றன. வலது கீழறைக்குப் பக்கத்திலிருக்கும் நுரையீரல்வரை தள்ளினால் போதும். இடது கீழறையோ உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை தள்ள வேண்டும். அதனால் இடது கீழறையின் சுவர் வலதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,000 லிட்டருக்கு மேல். ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் துடிப்பு. அந்தத் துடிப்புக்கு மூளையின் உத்தரவும் தேவையில்லை. வலது மேலறையின் உச்சியில் ஒரு சிறு திசுக்கூட்டம் தானாகவே மின்துடிப்பை எழுப்பிக்கொண்டிருக்கிறது. 1907இல் கீத், ஃபிளாக் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் அதைக் கண்டறிந்தார்கள்.

அறைக்கும் அறைக்கும் நடுவே வால்வுகள். ஸ்டான்லியில் உடற்கூறு வகுப்பில் முதன்முதலாக ஓர் இதயத்தைப் பிளந்து பார்த்தபோது என்னை நிற்க வைத்தது இந்த இடம்தான். நம் பகுதியில் இன்னும் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்களே, அதே ஸ்டான்லி. இடது கீழறையின் சுவரிலிருந்து விரல்போலத் தசைகள் எழுந்து நிற்கும். அவற்றின் நுனியிலிருந்து வெள்ளை வெளேரென்று மெல்லிய நாண்கள் கிளம்பிப்போய் வால்வின் இதழ்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேலறைக்குள் புரண்டு போய்விடாமல் இழுத்துப் பிடிப்பவை இவையே. இடுக்கியால் ஒரு நாணைத் தூக்கிப் பார்த்தேன், அறுந்து வரவில்லை. வாழ்நாள் முழுக்க நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை அந்த இழுப்பைத் தாங்கிய நாண் அது.

இந்த வால்வைக் கெடுப்பது பெரும்பாலும் சிறுவயதில் வரும் ஒரு தொண்டை வலி. இங்கே வந்திருக்கும் தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். 5 வயதிலிருந்து 15 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டை வலியும் காய்ச்சலும் வரும். ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்து உறங்கும் வீடுகளில் அது எளிதில் பரவும். தொண்டை ஆறிவிடும். சிலருக்குச் சில வாரங்கள் கழித்து முட்டி வீங்கும்; ஒரு முட்டி சரியாகி அடுத்த முட்டி வீங்கும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் இதய வால்வையும் தாக்கத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் வால்வின் இதழ்கள் தடித்து ஒட்டிக்கொண்டு வாசல் சுருங்கிவிடும். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால், கல்யாணமாகி முதல் பிள்ளை உண்டாகும்போது, உடம்பில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்போது, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று வருவாள். அதுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. என் பணிக்காலத்தில் இப்படி வந்த பெண்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. தொண்டை வலி வந்தபோதே பென்சிலின் கொடுத்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய நோய் அது. ஒருமுறை இந்த மூட்டுக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, ஆண்டுக்கணக்கில் தவறாமல் போட்டாக வேண்டும். வலிக்கிறது என்று பிள்ளை அழும், அழட்டும். கெட்ட வால்வை மாற்றவும் வழி இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கிய செயற்கை வால்வு 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதுவரை வெளிநாட்டு வால்வையே நம்பியிருந்த நாட்டில் ஏழைக்கும் எட்டுகிற வால்வு வந்தது பெரிய காரியம். ஆனால் வால்வு மாற்றியவர் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். ஊசியோடு முடிந்திருக்க வேண்டியது அறுவைவரை போகலாமா?

இனி இதயத்துக்கே இரத்தம் கொண்டுவரும் இரண்டு தமனிகளுக்கு வருகிறேன். பெருந்தமனி இதயத்தை விட்டு வெளியே வந்த உடனேயே, வால்வுக்குச் சற்று மேலே, அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன. வலது கரோனரி, இடது கரோனரி. இடது கிளை சிறிது தூரத்திலேயே இரண்டாகி, ஒன்று இதயத்தின் முன்புறமாக இறங்குகிறது. இன்னொன்று பக்கவாட்டில் சுற்றிப் போகிறது. அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். இதய அறைகளுக்குள்ளே நாளெல்லாம் ஆயிரக்கணக்கான லிட்டர் இரத்தம் ஓடினாலும் இதயத் தசை அதிலிருந்து நேராக ஏறக்குறைய எதையும் உறிஞ்சிக்கொள்ள முடியாது. இந்தக் குறுகிய குழாய்கள் கொண்டுவந்து கொடுப்பதே அதற்கு உணவு.

இடது கீழறை சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் சிறு குழாய்களையும் சேர்த்து நெரித்துவிடுகிறது. ஆகவே அந்த நேரத்தில் அதன் தசைக்குள் இரத்தம் சரியாக இறங்காது. சுருங்கி முடிந்து தளரும்போதுதான் குழாய்கள் திறந்து இரத்தம் பாய்கிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒவ்வொரு துடிப்பிலும் சுருங்குவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம். மீதி இரண்டு பங்கும் தளர்வு. நாடி 120க்கு ஏறினால் குறைவது பெரும்பாலும் அந்தத் தளர்வு நேரம்தான். வேலை கூடுகிறது, உண்ணும் நேரம் சுருங்குகிறது. குழாய் ஆரோக்கியமாக இருந்தால் விரிந்துகொடுத்துச் சமாளிக்கும். உள்ளே கொழுப்புப் படிந்து விறைத்துப்போயிருந்தால் சமாளிக்காது. மாடிப்படி ஏறும்போது, வலை இழுக்கும்போது, மூட்டை தூக்கும்போது நெஞ்சை அழுத்துவதும், நின்று இளைப்பாறினால் விட்டுவிடுவதும் இதனால்தான்.

இரத்த அழுத்தம் செய்யும் கேடும் இதே கணக்குத்தான். அழுத்தம் கூடக்கூட இடது கீழறை தடித்துக்கொண்டே போகும். தடித்த தசைக்கு அதிக உணவு வேண்டும். ஆனால் தடித்த சுவரின் உட்புறம்வரை இரத்தம் போய்ச் சேருவது கடினம். தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். தமிழ்நாட்டில் மருந்துக்குப் பஞ்சம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. இரண்டு மாதம் சாப்பிட்டதும், "இப்பத்தான் நார்மலா இருக்கே" என்று நிறுத்திவிடுகிறோம். மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மலாக இருக்கிறது, ஐயா. கருவாட்டின்மேல் நமக்குள்ள ஆசையும் எனக்குத் தெரியும். முகத்துவாரத்திலும் கடலிலும் பிடித்த மத்தியும் கானாங்கெளுத்தியும் அன்றன்றைக்குக் குழம்பு வைத்தால் இதயத்துக்கு நல்லது. அதையே உப்பில் புதைத்து உலர்த்தித் தின்றால் அழுத்தம் ஏறும்.

மாரடைப்பு பணக்காரர் நோய் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் அறுவை எங்கே நடந்தது தெரியுமா? 1975இல், நமக்குப் பக்கத்தில், பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில். செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். இரயில்வே ஊழியர்களுக்கென்று கட்டிய ஆஸ்பத்திரி அது. வட சென்னைக்காரர்களாகிய நாம் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். கூடவே ஒன்றைக் கவனிக்கவும் வேண்டும். உழைக்கிறவர்களுக்கான ஆஸ்பத்திரியிலேயே அடைபட்ட கரோனரிக்கு அறுவை தேவைப்பட்ட காலம் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. 52 நாடுகளில் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53. மற்ற நாட்டினருக்கு ஏறக்குறைய 59. ஆறு ஆண்டு முன்னதாக, மகளுக்குக் கல்யாணம் முடிவதற்குள், வீட்டுக்கடன் அடைவதற்குள் வந்துவிடுகிறது.

நம் பகுதியில் இதை முன்தள்ளுபவை எவை? பீடியும் சிகரெட்டும் மாவாவும் முதலில். சர்க்கரையும் அழுத்தமும் அடுத்து. இவை எல்லா ஊருக்கும் பொது. இங்கே கூடுதலாக இரண்டு உண்டு. ஒன்று இரவு ஷிப்ட். 20 லட்சம் பேரின் தகவலைத் திரட்டி 2012இல் வந்த ஓர் ஆய்வு, ஷிப்ட் முறையில் வேலை செய்கிறவர்களுக்கு மாரடைப்பு நூற்றுக்கு 23 பங்கு அதிகம் என்று கண்டது. இராத்தூக்கத்தில் நாடியும் அழுத்தமும் இறங்கி இதயம் நிதானமாக உண்ண வேண்டிய நேரத்தில் நாம் அதை வேலை வாங்குகிறோம். பகலில் தகர ஷீட் வீட்டில், லாரி ஹாரன் சத்தத்தில், அந்தத் தூக்கத்தை யாராலும் ஈடுகட்ட முடிவதில்லை.

இன்னொன்று காற்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்தான் மிக்ஜாம் புயலோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. இவை செய்தியாயின; ஆக வேண்டியவைதாம். ஆனால் இதயத்தை நாள்தோறும் தொடுவது செய்தியாகாத நுண்தூசி. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் எரியத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வட சென்னை, வல்லூர் நிலையங்கள் இன்றும் நிலக்கரி எரிக்கின்றன. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, காமராசர் துறைமுகம், இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள். மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைத் தடவிப் பார்த்தால் விரலில் ஒட்டும் சாம்பல் கண்ணுக்குத் தெரிகிறது; அது மூக்கிலும் தொண்டையிலும் பாதி நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத, இரண்டரை மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் நுரையீரலின் அடிவரை இறங்குகிறது. அங்கே அழற்சியை மூட்டுகிறது, இரத்தக் குழாயின் உட்சுவர் விரிந்துகொடுக்கும் தன்மையை இழக்கிறது, இரத்தம் எளிதில் உறைகிறது, அழுத்தம் ஏறுகிறது.

இது என் சொந்த ஊகமல்ல. அமெரிக்காவில் ஆறு ஊர்களில் 8,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காற்று மிகவும் கெட்டிருந்தது ஸ்டூபன்வில் என்ற எஃகாலை ஊரில். புகைப்பழக்கம் முதலியவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், காற்று தூயதாயிருந்த ஊரைவிட அங்கே மரணம் 26 விழுக்காடு அதிகம். கூடுதல் மரணங்கள் பெரும்பாலும் இதயம், நுரையீரல் சார்ந்தவை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் நுண்துகளுக்கு வைத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 40. ஆகவே வரம்புக்குள் இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்த வரம்பு என்று கேளுங்கள். பீடியை விடு, உப்பைக் குறை, நட என்று நான் ஒருவரிடம் சொல்ல முடியும். சுவாசிக்கும் காற்றைக் குறை என்று யாரிடமும் சொல்ல முடியாது. அது அரசிடமும் ஆலைகளிடமும் ஊர் சேர்ந்து கேட்டு வாங்க வேண்டிய மருந்து.

மாரடைப்பு எப்படி நிகழ்கிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் உண்டு. குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைந்து, நூறு சதவீதம் ஆனதும் அட்டாக் வருகிறது என்று நினைக்கிறோம். பல நேரம் அப்படியல்ல. பாதிகூட அடைக்காத ஒரு கொழுப்புத் திட்டு, பழுத்த கொப்புளம்போல் மெல்லிய தோலோடு இருக்கும். அது திடீரென்று கிழியும். கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயை முழுக்க மூடிவிடும். அதனால்தான் நேற்றுவரை மூட்டை தூக்கியவர் இன்று விழுகிறார். மூடிய இருபது முப்பது நிமிடத்தில் தசை சாகத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். செத்த இதயத் தசை மறுபடி முளைப்பதில்லை. அந்த இடம் தழும்பாகிவிடும்.

ஒருவரைச் சொல்கிறேன். நாற்பத்தாறு வயது, ஒப்பந்தத் தொழிலாளி. காலை ஏழரை மணிக்கு நண்பரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, அவசரப் பிரிவுக்குத் தானே நடந்து வந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நெஞ்சில் தைல வாசனை. "கேஸ்தான் டாக்டரம்மா. நைட்டு புரோட்டா சாப்ட்டேன், அது ஒத்துக்கல. சோடா குடிச்சேன், ஏப்பம் வந்துச்சு, ஆனா வுடல" என்றார். எப்போது ஆரம்பித்தது என்றேன். மூன்று மணிக்கு. ஏன் அப்போதே வரவில்லை? "பாதி ஷிப்ட்ல வந்தா அன்னிக்குச் சம்பளம் கட்டு." ஈசிஜி தாள் வெளியே வர வர, இருக்க வேண்டிய சமக்கோடு ஒவ்வொரு துடிப்பிலும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது, இதயத்தின் முன்சுவர் முழுவதும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றினோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் நாலரை மணி நேரத்தில் போன தசை போனதுதான். அதன்பின் அவரால் மூட்டை தூக்க முடியவில்லை.

வாயு என்றும் கேஸ் என்றும் நாம் சொல்லும் தொந்தரவு இருப்பது உண்மை. பெரும்பாலான நெஞ்சுவலி அதுவாகவே இருக்கவும் கூடும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது சோடா அல்ல, ஈசிஜி. நெஞ்சின் நடுவே பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குப்பென்று வேர்வை, காரணமில்லாத பயம், மூச்சு வாங்கல். இவற்றில் எது வந்து பத்து நிமிடம் நின்றாலும் 108க்கு அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் குமட்டலாகவும் வரலாம். பைக்கில் நடுவில் உட்கார வைத்து எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் போகாதீர்கள்; வழியில் இதயம் நின்றால் பைக்கில் எதுவும் செய்ய முடியாது.

பெரிய ஆஸ்பத்திரி தூரமாயிற்றே என்ற கவலைக்குப் பதில் இருக்கிறது. 2023இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மருந்து கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டார்வாஸ்டாடின் 8. ஆக 14 மாத்திரை. கொடுத்த பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மாத்திரைதானே என்று எண்ண வேண்டாம். 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் செய்து 1988இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வார மரணத்தை 23 விழுக்காடு குறைத்தது. கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்தபோது 42 விழுக்காடு. ஆனால் வீட்டில் நீங்களாகப் பிரித்து விழுங்க வேண்டிய மாத்திரை அல்ல இது. குடல் புண்ணோ இரத்தக் கசிவோ இருப்பவருக்கு ஆபத்தாகும். சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு 108 ஆம்புலன்ஸ் வழியாக இணைத்துப் பார்த்த முயற்சியும் நம் மாநிலத்தில் நடந்து, 2017இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறப்பவர் நூற்றுக்கு 17.6லிருந்து 14.2ஆகக் குறைந்தனர். மருத்துவமனைகளை இணைத்த முயற்சியோடு வந்த மாற்றம் அது.

இந்த மேடையில் ஆலை நிர்வாகிகளும் இருப்பதால் ஒரு வேண்டுகோள். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறை வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அந்த அறையில் ஓர் ஈசிஜி கருவியையும் அதை இரவிலும் எடுக்கத் தெரிந்த ஒருவரையும் வையுங்கள். அந்த அறைக்குள் நுழைய ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே வாசல் இருக்கட்டும். நெஞ்சுவலி என்று ஷிப்ட் நடுவில் எழுந்து போகிறவருக்கு அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். ஈசிஜி சரியாகவே இருந்து, உண்மையில் வாயுதான் என்று ஆனாலும் பிடிக்காதீர்கள். அப்படி வந்தவர்களில் யாராவது ஒருவருக்கு அது வாயுவாக இல்லாமல் போகும்.

வெளியே பந்தலில் செவிலியர்கள் இரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பது வயது கடந்த எல்லாரும் பார்த்துவிட்டுப் போங்கள். டீயோ பீடியோ முடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். போனவுடன் கையை நீட்டாமல், முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். எண்ணைச் சீட்டில் எழுதித் தருவார்கள். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தச் சீட்டோடு இந்த வாரமே சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு நடுவில் நிறுத்தியவர்கள் அதையும் மறைக்காமல் அங்கே சொல்லுங்கள்; யாரும் திட்ட மாட்டார்கள்.